சத்தம் போடாதவரிடம் முதலில்

போன ஐப்பசியில் தேங்காய் வெட்டும்போது அரிவாள் வழுக்கி, என் தம்பி இடது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். துண்டைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றி எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசல் மேசையில் அன்று பணியில் இருந்தவள் என் தங்கை மகள். தாய்மாமன் வந்திருக்கிறான், உடனே உள்ளே கூட்டிப் போய்விடுவாள் என்று அவன் நினைத்திருந்தான். அவள் துண்டை விலக்கிப் பார்த்தாள். விரல்களை மடக்கி நீட்டச் சொன்னாள். ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்டாள். சுத்தமான காஸ் துணியை வைத்து அழுத்திக் கட்டினாள். மணிக்கட்டில் பச்சைப் பட்டையை மாட்டினாள்.

"மாமா, அந்த நாற்காலியில உக்காருங்க. கையைத் தூக்கியே வச்சுக்கோங்க. கட்டை அவுத்து அவுத்துப் பாக்காதீங்க."

முக்கால் மணி நேரம் ஆனது. தம்பி பொருமித் தீர்த்தான். "முப்பத்தஞ்சு வருஷம் நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரி. உள்ள இருக்கிறது நம்ம வீட்டுப் பொண்ணு. எனக்கே இந்தக் கதியா அக்கா?" அவனுக்குப் பக்கத்தில் கால் முறிந்த இளைஞன் ஒருவன் வார்டே அதிரக் கத்திக்கொண்டிருந்தான். அப்போது என் தங்கை மகள் எழுந்தாள். தம்பியைத் தாண்டி, கத்துகிறவனைத் தாண்டி, வரிசையின் கடைசியில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் போனாள். அந்த அம்மாள் யாரையும் கூப்பிடவில்லை. முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தும் நெற்றி மறுபடி மறுபடி நனைந்தது.

"எப்பருந்தும்மா வேர்க்குது?"

"காலைல இருந்து நெஞ்சு கரிக்குதும்மா. சாப்பிட்டது ஒத்துக்கலபோல."

"சுகர் இருக்கா?"

"பன்னண்டு வருஷமா."

சக்கர நாற்காலி வந்தது. இ.சி.ஜி. இயந்திரமும் வந்தது. நெஞ்சில் தொந்தரவு என்று யார் வந்தாலும், வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து டாக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது இன்றைய விதி. அவள் அதற்குள் முடித்துவிட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 1985இல் இதே வளாகத்தில் இதே மாதிரி ஓர் அம்மாளை நான் தாண்டிப் போயிருக்கிறேன்.

வாசல்

நான் பணியில் சேர்ந்தது 1984இல். மூன்றரை வருடப் பயிற்சி முடித்து வந்தவளுக்கு முதல் பணியிடமே கேஷுவாலிட்டி. ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு மேசை, அதன்மேல் விபத்துப் பதிவேடு. அறைக்கு வெளியே நீளமான சிமெண்ட் பெஞ்சு. உள்ளே யார் முதலில் வருவது என்பதை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் குரல்தான் தீர்மானித்தது. கூட்டம் அதிகம் வந்தவர், ரத்தம் அதிகம் தெரிந்தவர், சிபாரிசோடு வந்தவர், இவர்கள் உள்ளே போனார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

நான் தாண்டிப் போன அந்த அம்மாளும் காத்திருந்தார். அன்று ஒரு கல்யாண வேன் கவிழ்ந்து பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள். அவர்களில் பலருக்குச் சிராய்ப்பும் வீக்கமும்தான். ஆனால் அழுகையும் கூச்சலும் கூரையைத் தொட்டன. நெஞ்சு கரிப்பு என்று சொன்ன அம்மாளுக்கு வயிற்றுப் புண் மருந்தைக் கொடுத்து உட்காரச் சொன்னோம். ஒன்றரை மணி நேரம் கழித்து, பெஞ்சில் சாய்ந்து தூங்குகிறார் என்று நினைத்து எழுப்பப் போனேன். உடம்பு குளிர்ந்திருந்தது.

அன்றிரவு எங்கள் ஹெட் சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "கத்துறவனுக்கு மூச்சு இருக்கு. சத்தமில்லாம கிடக்கிறவங்க கிட்ட முதல்ல போ." அவசர சிகிச்சைச் செவிலியத்தின் அரிச்சுவடி எனக்கு அந்த ஒரு வரியில்தான் தொடங்கியது. ஆனால் அந்த அரிச்சுவடி அவர் கண்ணிலும் அனுபவத்திலும்தான் இருந்தது. அவர் விடுப்பில் போனால் அதுவும் விடுப்பில் போய்விடும்.

இன்று அது வாசலிலேயே எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'தாய்' என்று சொல்கிறார்கள். அதன்படி, வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் சந்திப்பது வகைப்படுத்தும் செவிலியரை. 'ட்ரையாஜ்' என்பார்கள். நெப்போலியன் காலத்துப் போர்க்களத்தில் லாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், படைவீரனின் பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசைப்படுத்தியதிலிருந்து வளர்ந்த முறை அது. உயிருக்கு இப்போதே ஆபத்து என்றால் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கலாம், ஆனால் கண்ணை எடுக்கக் கூடாது என்றால் மஞ்சள். காத்திருக்கலாம் என்றால் பச்சை. என் தம்பிக்குக் கிடைத்தது பச்சை. காக்கவைத்துவிட்டார்களே என்று அவன் கோபப்பட்டான். இந்த வாசலில் காக்கவைக்கப்படுவதைப் போல நல்ல செய்தி வேறு கிடையாது என்று அவனிடம் சொன்னேன்.

வழி

அன்று நோயாளிகள் வந்த விதமே வேறு. கட்டிலைக் கவிழ்த்து நாலு பேர் தூக்கி வருவார்கள். மணல் லாரியில் கிடத்தி வருவார்கள். ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கித் திணித்து, கழுத்து தொங்கத் தொங்கக் கொண்டுவருவார்கள். விபத்தில் தப்பிய தண்டுவடம் இந்தப் பயணத்தில் போய்விடும். அதைவிடக் கொடுமை, தூக்க ஆளில்லாமல் ரோட்டிலேயே கிடந்தவர்கள் கதை. 'போலீஸ் கேஸ்' என்ற சொல்லுக்கு எல்லோரும் பயந்தார்கள். தொட்டால் சாட்சிக்கு அலைய வேண்டும் என்று வழிப்போக்கர் ஒதுங்கினார். தனியார் மருத்துவமனைகள் பலவும் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லிக் கைகாட்டின. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பிறகு என்று தெளிவாகச் சொன்னது. உதவ வருகிறவருக்கான பாதுகாப்பு 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில்தான் இடம்பெற்றது. ஒரு பயம் விலக 30 வருடம்.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு கேஷுவாலிட்டி கதவு திறக்கும் விதமே மாறியது. கழுத்தில் பட்டை, முதுகுக்குக் கீழே பலகை, கையில் ஏற்கெனவே ஓடும் டிரிப், கூடவே ஒரு டெக்னீஷியன். வண்டி வருவதற்கு முன்னால் போன் வருகிறது: என்ன அடி, நாடி எத்தனை, எத்தனை நிமிடத்தில் வந்து சேரும். அன்று நோயாளி வந்த பிறகுதான் ஆக்சிஜன் சிலிண்டரின் சாவியைத் தேடுவோம். இன்று நோயாளி வருவதற்கு முன்பே சக்‌ஷன் ஓடிப் பார்த்தாகிவிட்டது, கட்டிலைச் சுற்றி யார் எங்கே நிற்பது என்று முடிவாகிவிட்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. 'பணத்துக்கு யார் பொறுப்பு?' என்ற கேள்வி அந்த முதல் நிமிடங்களிலிருந்து வெளியேறியது பெரிய மாற்றம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி எத்தனை மனைவிகள் தாலியைக் கழற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணும் கருவியும்

அன்று எங்களிடம் இருந்த கருவிகள் நாலு: பாதரச பி.பி. பெட்டி, தெர்மாமீட்டர், டார்ச், கைக்கடிகாரம். ஆக்சிஜன் குறைகிறதா என்று தெரிந்துகொள்ள உதட்டையும் நகத்தையும் பார்ப்போம். நம் மாநிறத் தோலில் நீலம் பாரிப்பது கடைசியில்தான் தெரியும். தெரிகிறபோது பாதி தூரம் போயிருப்பார்கள். சர்க்கரையைப் பார்க்க மூத்திரத்தைப் பெனடிக்ட் கரைசலோடு சோதனைக் குழாயில் காய்ச்சுவோம். நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். சர்க்கரை ஏறினால் அது சொல்லும், இறங்கினால் சொல்லாது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மயங்கி விழுந்தவரை அது காட்டிக்கொடுக்காது. இன்று விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும், சில நொடிகளில் எண் வந்துவிடுகிறது. மயங்கிய நிலையில் யார் வந்தாலும் சர்க்கரையைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதே என்பது இன்றைய பிள்ளைகளுக்கு முதல் பாடம்.

தலையில் அடிபட்டவரைப் பற்றி அன்று 'அரை மயக்கம்', 'முழு மயக்கம்' என்று எழுதுவோம். என் அரை மயக்கமும் அடுத்த ஷிப்ட் சிஸ்டரின் அரை மயக்கமும் ஒன்றாக இருக்காது. சாராய வாடை அடித்தால் மூலையில் படுக்கவைத்து, தெளியட்டும் என்று விட்டுவிடுவோம். விடிகாலையில் ஒரு பக்கத்துக் கண்மணி பெரிதாகியிருக்கும். மூளைக்குள் கசிந்த ரத்தம் அழுத்திக்கொண்டிருந்த நேரத்தை நாங்கள் தூக்கம் என்று கணக்கில் எழுதியிருப்போம். கிளாஸ்கோவில் 1974இலேயே உருவான மயக்க அளவுகோல் எங்கள் வார்டுக்கு வந்து பழக்கமாக வெகுகாலம் ஆனது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. முழு மதிப்பெண் 15, குறைந்தது 3. எட்டுக்கு வந்துவிட்டால் மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி அவருக்கு இல்லை என்று எண்ணிச் செயல்பட வேண்டும். 14 என்று எழுதியவர் அரை மணி கழித்து 12 என்று எழுதினால், குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்கேனுக்குப் போகிறார். எண் வந்த பிறகு, அவர் குடிகாரரா நல்லவரா என்ற எங்கள் தீர்ப்புக்கு வேலையில்லாமல் போனது.

கருவி வந்ததால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். மூடிய அறையில் புகையைச் சுவாசித்தவரின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் ஆக்சிஜன் 99 என்று காட்டும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவியின் விளக்குக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தம் உள்ளுக்குள் போய்க்கொண்டிருக்கும் இளைஞனின் பி.பி. நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். உடம்பிலுள்ள ரத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போகும்வரைகூட விழாது. அதற்கு முன்பே நாடி ஓடும், கை சில்லிடும். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணும் வேலையை மட்டும் இன்றுவரை கடிகாரம் பார்த்து மனிதர்தான் செய்ய வேண்டியிருக்கிறது. எல்லோரும் 18 என்றோ 20 என்றோ குத்துமதிப்பாக எழுதிவிட்டுப் போகிற இடமும் அதுதான். என் தங்கை மகளிடம் நான் ஓயாமல் சொல்வது இதைத்தான்: நாடி பார்க்கிற பாவனையில் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணு. எண்ணுகிறாய் என்று தெரிந்தால் அவர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள்.

மூச்சு நின்றால்

இதயம் நின்றவருக்கு அன்று நீண்ட ஊசியால் நெஞ்சுக்குள் நேராக அட்ரினலின் போடுவதைப் பார்த்திருக்கிறேன். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஒருவர் அழுத்துவார், களைத்தால் நிறுத்துவார். இன்று அந்த நெஞ்சு ஊசி வழக்கொழிந்துவிட்டது. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல் அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதும் மேலே எழும்ப விட வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், களைத்தாலும் களைக்காவிட்டாலும். களைத்த கை தன் அழுத்தம் குறைந்துவிட்டதை அறியாது. எங்கள் காலத்தில் டாக்டர் வரும்வரை காத்திருப்பது பணிவு என்று சொல்லிக்கொடுத்தார்கள். இன்று செவிலியர் உதவிக்குக் குரல் கொடுத்துக்கொண்டே கையை வைத்துவிடுகிறார். என்னைக் கேட்டால், 35 வருடத்தில் வந்த மாற்றங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். முதல் நிமிடம் செவிலியர் கைக்கு வந்துவிட்டது.

கையுறை

கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துத்தான் நாங்கள் ஊசி போட்டோம். முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவோம். கையுறையைக் கழுவி, உலர்த்தி, பவுடர் போட்டு மறுபடி உபயோகிப்போம். ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுவோம். கேஷுவாலிட்டியில் பாதி நாள் அதுவும் கிடையாது, வெறும் கையால்தான் ரத்தத்தை அழுத்திப் பிடித்தோம். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். முதலில் எங்களுக்கு வந்தது பயம். யாருக்கு இருக்கும், யாருக்கு இருக்காது என்று முகத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கினோம். அது அநியாயம் என்று புரியச் சில வருடங்கள் ஆயின. எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே மாதிரி எச்சரிக்கையோடு அணுகு, எல்லோரையும் ஒரே மாதிரி மரியாதையோடு தொடு என்ற விதி வந்தபோதுதான் நிம்மதி வந்தது. இன்று ஊசிக்கு மூடி திரும்பப் போடுவதில்லை. முனையை வெட்டிப் போட அங்கேயே கருவி இருக்கிறது. ஊசி குத்திவிட்டால் மறைக்காமல் சொல்லி, 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வழி இருக்கிறது. எங்கள் தலைமுறையில் ஊசி குத்தியவள் விரலைச் சப்பிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

பாம்புக்கடி

எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலம் என்றால் பாம்புக்கடியும் சேர்ந்தே வரும். அன்று வருகிறவர் காலில் தாம்புக்கயிறு இறுகக் கட்டியிருக்கும், பிளேடால் கீறியிருக்கும், வாயில் மிளகும் வேப்பிலையும் திணித்து 'கசக்குதா, உறைக்குதா' என்று கேட்டு நேரத்தைக் கழித்திருப்பார்கள். கட்டின் கீழே கால் கறுத்துப்போய் வரும். இன்று கீறாதே, உறிஞ்சாதே, இறுகக் கட்டாதே, எலும்பு முறிந்த காலைப் போல அசையாமல் வைத்துக் கொண்டுவா என்று ஊருக்கெல்லாம் சொல்கிறோம். பாதிப்பேர் கேட்கிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் பழைய பொருள் ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது: கண்ணாடிச் சோதனைக் குழாய். விரியன் கடித்ததா என்று பார்க்க, சோப்பு படாத புதுக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறோம். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனை ஏமாற்றும். எல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிட்ட வார்டில், அந்தக் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்று ஷிப்ட் தொடங்கும்போதே பார்த்து வைப்பவர்தான் நல்ல செவிலியர்.

கட்டுவிரியன் இதிலும் சத்தம் போடாத நோயாளியைத்தான் அனுப்பும். தரையில் படுத்துத் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட இடம்கூடச் சில சமயம் தெரியாது. விடியலில் வயிற்று வலி என்று வருவார். இமை கனக்கிறது, தூக்கக் கலக்கம் என்பார். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் 25, பிறகு 15 என்று குறைந்தால் மூச்சுத் தசை தளர்கிறது என்று பொருள். விஷமுறிவு மருந்து ஏறும்போது ஒவ்வாமை வந்தால் போட, அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கும், 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பு பிடித்து எடுக்கும் விஷத்திலிருந்துதான் அந்த மருந்து பிறக்கிறது என்று, ஒவ்வொரு குப்பியைக் கரைக்கும்போதும் நான் நினைத்துக்கொள்வேன்.

கைகள்

இவ்வளவும் மாறியிருக்கிறது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கு முதல் வேளை மாத்திரைகள் 14-ஐ எண்ணிக் கொடுத்து அனுப்புகிறார்கள். வாயால் சொன்ன உத்தரவைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் மருந்தை எடுக்கிறார்கள். அட்ரினலினையும் அட்ரோபினையும் அவசரத்தில் ஒன்றுக்கொன்று மாற்றிக் கேட்ட காலம் போய்விட்டது.

மாறாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ராத்திரி ஷிப்டில் அன்று நான் இரண்டு கைகளோடு நின்றேன். இன்று கட்டில்கள் பல மடங்காகிவிட்டன. கைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. 2015இல் தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருத்தியிடம்தான் நம் முதல் நிமிடத்தை ஒப்படைத்திருக்கிறோம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் தீட்டிவிடலாம். மஞ்சளில் படுத்திருப்பவர் சிவப்புக்கு நழுவுவதைக் கவனிக்க ஒரு ஆள் அங்கே நின்றே ஆக வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளமும் ஓய்வும் உறுதியும் கொடுக்காமல் இந்த மாற்றம் முழுமையாகாது.

தம்பியின் முறை வந்தது. நாலு தையல். டாக்டர் ஊசியை எடுத்தபோது அவன் கையை நீட்டவில்லை. வாசல் பக்கம் திரும்பி மருமகளைத் தேடினான்.

"அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"அடைப்பு இருந்துச்சு மாமா. மேல கேத் லேபுக்குக் கொண்டு போயிட்டாங்க. மகளோட பேசிக்கிட்டேதான் போனாங்க."

அதற்குப் பிறகுதான் கையை நீட்டினான். வெளியே வரும்போது, பெஞ்சில் ஒருவர் "எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன், கேக்க நாதியில்ல" என்று இரைந்துகொண்டிருந்தார். தம்பி அவர் பக்கத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்தான். அவர் மணிக்கட்டில் இருந்த பச்சைப் பட்டையைக் காட்டி ஏதோ சொன்னான்.